நெஞ்சுப் படமும் எலிக்காய்ச்சலும்

கொழும்பு–கண்டி நெடுஞ்சாலையிற் பயணஞ் செய்வோருட் பலருக்கு வரக்காப்பொல என்பது எள்ளுருண்டையும் ஹலப்பவும் வாங்குவதற்காக வண்டி நிறுத்தும் ஓரிடமாக மாத்திரமே தெரிந்திருக்கும். கடைகளுக்குப் பின்னால் வயல் தொடங்கிவிடுகின்றது. வயல் முடியுமிடத்தில் இறப்பர். இறப்பர் மரங்களுக்கிடையே ஆங்காங்கு லயன்கள். கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட சப்பிரகமுவ மாகாணம் ஈரவலயத்தைச் சேர்ந்தது. மழையும் சேறும் இங்கு உழைப்பவனின் காலைவிட்டு இலகுவில் நீங்குவதில்லை. அச்சேற்றையே தனக்கு வாய்ப்பாக்கிக்கொண்ட நோயொன்றும் இம்மாகாணத்தில் நெடுங்காலமாக நிலைத்திருக்கின்றது. சிங்கள மக்கள் அதனை 'மீ உண' என்பர். தமிழில் எலிக்காய்ச்சல் என்றும், மருத்துவ நூல்களில் லெப்டோஸ்பைரோசிஸ் என்றும் அது பெயர்பெறும்.

ஜேர்மனிய மருத்துவர் அடோல்ப் வைல் 1886இல் இந்நோயின் கடுமையான வடிவத்தை விவரித்தார். காய்ச்சல், மஞ்சள் நிறம், சிறுநீரகப் பழுது ஆகியன ஒருங்கே தோன்றும் நோயென அவர் அதனை இனங்கண்டார். நோயை விளைவிக்கும் திருகுருக் கிருமியை யப்பானின் இனாடா குழுவினர் கண்டறிந்து, அதுபற்றிய விரிவான அறிக்கையை 1916இல் ஆங்கிலத்தில் வெளியிட்டனர். எலி முதலிய விலங்குகளின் சிறுநீரகத்தில் வாழும் அக்கிருமி, அவற்றின் சிறுநீருடன் வெளியேறி, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் உயிருடன் இருந்து, காலின் வெடிப்பு வழியாகவோ கீறல் வழியாகவோ மனிதனுட் புகுகின்றது. இலங்கையில் இந்நோய் 1959இல் உறுதிப்படுத்தப்பட்டது. அதன் பின்னர் இந்நாட்டிற் பிரித்தெடுக்கப்பட்ட கிருமி வகைகளுள் ஒன்று 'இரத்தினபுரி' என்ற பெயரையே தாங்கி உலக நுண்ணுயிரியற் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மாணிக்கத்தால் உலகறிந்த ஊரொன்று, மாணிக்கக் குழியில் இடுப்பளவு நீரில் நிற்பவனைத் தாக்கும் கிருமியாலும் அறியப்படுவது வருந்தத்தக்க பொருத்தமே.

2008ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் இந்நோய் பெருகியது. அவ்வாண்டில் ஐயத்துக்குரியோராக அறிவிக்கப்பட்டோர் 7,000 பேருக்கும் மேல். உயிரிழந்தோர் 200 பேருக்கும் மேல். கேகாலையும் இரத்தினபுரியும் அன்றும் இன்றும் இந்நோய் மிகுந்த மாவட்டங்களின் வரிசையிலேயே உள்ளன. பெரும்போக, சிறுபோக வேளாண்மையை ஒட்டி ஆண்டுக்கு இருமுறை இதன் எண்ணிக்கை உயர்வதைச் சுகாதாரத் துறையின் அறிக்கைகள் தொடர்ந்து காட்டிவருகின்றன.

வைலின் விவரணம் மருத்துவ உலகின் மனத்தில் ஆழப் பதிந்தமையால், எலிக்காய்ச்சல் என்றவுடன் கண்ணின் மஞ்சளையும் சிறுநீரின் அளவையும் பார்ப்பதே நீண்டகால வழக்கமாயிற்று. நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பிந்தியே வந்தது. அதனைக் கற்பித்தவர்கள் பெரும்பாலும் வயலில் இறங்கிய ஏழை உழவர்களே. கொரியாவில் அறுவடைக் காலத்தில் நெல் அரியச் சென்றோர் இரத்தங் கக்கி மூச்சுத்திணறி இறந்தனர். இனந்தெரியாத நெஞ்சு நோயெனக் கருதப்பட்ட அது எலிக்காய்ச்சலே என்பது 1980களின் நடுப்பகுதியிலேதான் தெளிவாயிற்று. வட அந்தமானின் டிக்லிப்பூர்ப் பகுதியில் 1988 தொடக்கம் ஆண்டுதோறும் மழைக்காலத்தையொட்டித் தோன்றிய 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்பதும் ஆராய்ந்தவிடத்து இதுவாகவே முடிந்தது. (அதே தீவுக்கூட்டத்தின் தென்பகுதியிலுள்ள கச்சாலில், சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின் வழியே இலங்கையை விட்டுச் சென்ற மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சில, மீண்டும் இறப்பர்த் தோட்டத்திலேயே குடியமர்த்தப்பட்டன என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.)

இந்நோய் நுரையீரலைத் தாக்கும் முறை வஞ்சகமானது. நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளைச் சூழ்ந்துள்ள மயிர்த்துளைக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. காற்று நிற்கவேண்டிய இடத்தில் இரத்தம் நிற்கின்றது. ஆயினும் நோயாளி இரத்தங் கக்குவார் என்பது நிச்சயமில்லை. பலரிடத்து அது இறுதிவரை வெளித்தோன்றுவதில்லை. செயற்கைச் சுவாசத்துக்கெனத் தொண்டையிற் குழாயைச் செலுத்தியவுடன் அக்குழாய் வழியே செந்நீர் பொங்குவதைக் கண்டே உள்ளே நிகழ்ந்ததை அறிந்த மருத்துவர்கள் உளர். கடுமையான நுரையீரல் இரத்தக்கசிவு எனத் தனிப்பெயர் பெற்றுள்ள இந்நிலையை அடைந்தோருட் பாதிக்கு மேற்பட்டோர் உயிரிழப்பதாகப் பல நாட்டு அனுபவங்கள் கூறுகின்றன. முதல் மூச்சுத்திணறலுக்கும் இறப்புக்கும் இடையேயுள்ள காலம் நாட்கணக்கிலன்றி மணிக்கணக்கிலும் அமையலாம்.

எனவேதான் முன்கூட்டி அறிதல் என்பது இங்கு வெறும் ஆய்வு விருப்பமாக நின்றுவிடுவதில்லை. பிரெஞ்சு மேற்கிந்தியத் தீவுகளில் இந்நோயால் அனுமதிக்கப்பட்ட 68 பேரை ஆராய்ந்து டுப்போன்ட் என்பாரும் பிறரும் 1997இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் முக்கியமானது. இறப்புடன் தொடர்புற்ற ஐந்து குறிகளை அவர்கள் பிரித்தெடுத்தனர். சிறுநீர் குறைதல், வெண்குருதிக் கலங்கள் மிகுதல், இதய மின்வரைபில் மாற்றம் ஆகிய மூன்றும் ஒருபுறமிருக்க, ஏனைய இரண்டும் நெஞ்சைச் சேர்ந்தவை: ஒன்று மூச்சுத்திணறல், மற்றையது நெஞ்சு எக்ஸ்-கதிர்ப் படத்திற் காணப்படும் சிற்றறை நிரம்பல். மஞ்சள் காமாலை அந்த ஐந்தில் இடம்பெறவில்லை. நூற்றாண்டுக் காலம் கண்ணைப் பார்த்து நின்ற மருத்துவத்துக்கு இஃதொரு திருத்தம் எனலாம்.

1895 நவம்பரில் றொன்ட்ஜன் கண்டறிந்த கதிரின் தத்துவம் எளியது. காற்று கதிரைத் தடுப்பதில்லை; ஆதலின் நலமான நுரையீரல் படத்தில் கறுத்துத் தோன்றும். நீரும் இரத்தமும் சீழும் தடுக்கும். அவை வெண்மையாகத் தோன்றும். கொரிய நோயாளர் 58 பேரின் படங்களை 1989இல் ஆராய்ந்தோர், 37 பேரின் நுரையீரலில் மாற்றங் கண்டனர். அவருட் பெரும்பாலாரிடம் சிறுசிறு வெண்புள்ளிகள் இருபுறமும் சிதறிக் கிடந்தன. சிலரிடம் தெளிவற்ற மங்கல், வேறு சிலரிடம் அப்புள்ளிகள் ஒன்றுகூடித் திரண்ட வெண்திட்டுகள். புள்ளி, மங்கல், திட்டு என்ற இவ்வரிசையில் நோய் நகர்வதைத் தொடர்ந்தெடுத்த படங்களில் ஓரளவுக்குக் காணலாம். ஆனால், வெண்மை என்பது காற்றில்லை என்று மட்டுமே கூறும். காற்றின் இடத்தைப் பிடித்தது யாதென்று கூறாது. எலிக்காய்ச்சலிற் சிறுநீரகமும் இதயத்தசையும் ஒருங்கே பழுதடைவதால், அவ்வெண்மை இரத்தமாகவும் இருக்கலாம். வடியாது தேங்கிய நீராகவும் இருக்கலாம். முன்னதெனில் ஒரு வைத்தியம், பின்னதெனில் வேறு வைத்தியம். காலையிலும் மாலையிலும் குருதியின் ஈமோகுளோபின் அளவைப் பார்த்து, அது காரணமின்றிச் சரிந்திருப்பின் இரத்தமே என ஊகிப்பது, படத்துக்குத் துணைநிற்கும் பழைய, மலிவான உபாயம்.

நெஞ்சுப் படத்தைக் கொண்டு ஆபத்தை அளவிடும் முயற்சி எலிக்காய்ச்சலோடு மட்டும் நின்றதன்று. 1967இல் ஆஷ்போவும் பெட்டியும் அவர்தம் குழுவினரும், வெவ்வேறு காரணங்களால் திடீரென மூச்சுத்திணறலுக்கு ஆளாகிப் படத்தில் இருபுறமும் வெண்மை படர்ந்த 12 நோயாளரைப் பற்றி 'லான்செற்' இதழில் எழுதினர். அவருள் எழுவர் இறந்தனர். தீவிர சுவாச இடர் நோய்த்தொகுதி என இன்று வழங்கும் கருத்து அங்குதான் கருக்கொண்டது. 1988இல் மறே என்பார் நெஞ்சுப் படத்தை நான்கு காற்பகுதிகளாக வகுத்து, வெண்மை படர்ந்த பகுதிகளை எண்ணிப் புள்ளியிடும் முறையை வகுத்தார். 2018இல் வந்த இன்னொரு முறை அதே நாற்கூறுகளிலும் வெண்மையின் பரப்பையும் செறிவையும் பெருக்கி 48 வரை புள்ளியிட்டது. இம்முறையை ஆக்கியோர், கொடையாளரிடமிருந்து அகற்றப்பட்ட நுரையீரல்களைத் தராசிலிட்டு, புள்ளி கூடக்கூட நுரையீரலின் நிறையும் கூடுவதைக் காட்டினர். மருத்துவ ஆய்வுகளில் தராசு இவ்வளவு நேர்மையாகப் பேசுவது அரிது. கொவிட் பெருந்தொற்றின்போது 2020இல் இத்தாலியின் பிரேசியா நகரத்தார் ஆறு கூறுகள், 18 புள்ளிகள் என்றொரு முறையைக் கையாண்டனர். புள்ளி உயர்ந்தோரிடை இறப்பும் உயர்ந்திருந்தது.

எண்கள் தரும் நம்பிக்கைக்கு எதிராக வைக்கவேண்டிய ஆய்வொன்றும் உண்டு. 1999இல் ருபென்பெல்ட் என்பார் 28 நெஞ்சுப் படங்களை 21 நிபுணர்களிடங் கொடுத்து, நோய்த்தொகுதியின் வரையறைக்கு எவை பொருந்தும் என வினவினார். ஒரு நிபுணர் நூற்றுக்கு 36 படங்கள் பொருந்தும் என்றார். மற்றொருவர் நூற்றுக்கு 71 என்றார். ஏனையோர் இவற்றுக்கிடையே நின்றனர். பார்த்த படங்கள் ஒன்றே. பார்த்தவர்களும் அத்துறையில் நூல் எழுதத்தக்கவர்கள். உலகின் பெரும் வைத்தியசாலைகளில் இதுவே நிலையெனின், இரவு இரண்டு மணிக்குத் தனியே நின்று படத்தை வெளிச்சத்திற்குப் பிடிக்கும் இளம் மருத்துவரிடம் எதனை எதிர்பார்ப்பது?

அந்த இரவு எத்தகையது என்பதை நினைந்து பார்த்தல் தகும். இறப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், தோட்டத்தில் வேலை குறைந்த நாட்களில் அயற்கிராமத்து வயலில் நாட்சம்பளத்துக்கு இறங்குகின்றார். காய்ச்சல் வந்து இரண்டு நாட்கள் பனடோலுடன் கழிகின்றன. கெண்டைக்காற் சதை நோவதை வேலைக் களைப்பென எண்ணிக்கொள்கின்றார். மூன்றாம் நாள் முச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்கு வருகையில், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் மனைவியே விடை கூறுகின்றாள்: "காச்சலு மூணு நாளாங்க ஐயா. நேத்து ராவுலருந்து இளைக்குதுங்க."

'இளைக்குது' என்ற அச்சொல்லே நோயின் திருப்புமுனை. மலையகத்தார் பேச்சில் அது மூச்சு வாங்குவதைக் குறிக்கும். ஆனால் அகராதியறிவோடு தமிழ் கற்ற சிங்கள மருத்துவர் ஒருவருக்கு அது உடல் மெலிதல் என்று பொருள்படக்கூடும். வடக்கிலிருந்து வந்த தமிழ் மருத்துவருக்கோ 'முட்டு', 'தொய்வு' என்ற சொற்களே பழக்கமானவை. தொய்வென்று கொண்டால் பழைய நெஞ்சு நோயெனக் கருதி ஆவி பிடிக்கச் சொல்லவும் கூடும். டுப்போன்ட் பிரித்தெடுத்த ஐந்து குறிகளுள் ஒன்றாகிய மூச்சுத்திணறல், கருவி எதுவும் வேண்டாத குறி. அதுவே ஒரு வினைச்சொல்லின் பொருள் மயக்கத்தில் நழுவிவிடலாம். நெஞ்சுப் படத்துக்கு மொழியில்லை என்பதே இவ்விடத்து அதன் பெருஞ்சிறப்பு. எனினும் படம் எடுக்கவேண்டும் என்று எவருக்கேனும் தோன்றவேண்டுமே!

படம் எடுக்கப்பட்டு, வலப்பக்க அடியிற் சில புள்ளிகள் தென்படுகின்றன எனக் கொள்க. இனி மருத்துவர் தீர்க்கவேண்டிய வினா ஒன்றே: இவரை இங்கேயே வைத்துப் பார்ப்பதா, மேலிடத்துக்கு அனுப்புவதா? வரக்காப்பொலயிலிருந்து கேகாலை ஏறக்குறைய 20 கிலோமீற்றர். கொழும்பு 55 கிலோமீற்றருக்கும் மேல். முன்கூட்டி அனுப்பினால், தீவிர சிகிச்சைப் பிரிவின் படுக்கையொன்றை, அது வேண்டாத ஒருவருக்காகப் பிடித்ததாக முடியலாம். பிந்தி அனுப்பினால், இரத்தம் நிரம்பும் நுரையீரலுடன் ஒருவரை அம்புலன்ஸ் வண்டியில் வளைவும் நெரிசலும் நிறைந்த அச்சாலையில் ஏற்றிவிட்டதாக முடியும். ஆபத்தை முன்னறிதல் என ஆய்வேடுகள் கூறுவதெல்லாம் நடைமுறையில் இவ்வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதற்கான விடையே. ஒரே படத்தை உற்றுநோக்குவதனால் அவ்விடை கிடைப்பதில்லை. காலையில் மூன்று புள்ளிகளாக இருந்தது மாலையிற் பாதி நுரையீரலாயிற்றா என்பதே அறியவேண்டியது. நோயின் ஓட்டத்தைக் காட்ட இரண்டு படங்களேனும் வேண்டும். அவற்றினிடையே மூச்சின் எண்ணிக்கையும் விரல்நுனியிற் பொருத்தும் ஒட்சிசன் அளவியின் வாசிப்பும் வேண்டும்.

வரையறைகள் வகுக்கப்பட்ட இடங்களுக்கும் நோய் நிகழும் இடங்களுக்கும் உள்ள தூரம் 2012இன் பேர்லின் வரையறையில் நன்கு புலப்பட்டது. அவ்வரையறைப்படி ஒருவர் இந்நோய்த்தொகுதிக்கு ஆளானார் எனக் கூற, நாடிக் குருதியின் ஒட்சிசனை அளக்கவேண்டும். குறைந்தது 5 சென்ரிமீற்றர் நீர் அமுக்கத்தை நிலைநிறுத்தும் சுவாசக் கருவியும் பொருத்தப்பட்டிருக்கவேண்டும். கருவியில்லாத ஊரில் நோயும் இல்லையென்பது அதன் பெறுபேறு. றுவாண்டாவின் தலைநகர் கிகாலியிலுள்ள பல்கலைக்கழக வைத்தியசாலையில் இதனைச் சோதித்த முடிவு 2016இல் வெளியாயிற்று. அனுமதிக்கப்பட்ட 1,046 பேருள் பேர்லின் வரையறைக்குப் பொருந்தியவர் ஒருவருமிலர். கருவி நிபந்தனையை நீக்கி, நாடிக் குருதிக்குப் பதிலாக விரல்நுனி அளவியையும், எக்ஸ்-கதிருக்குத் துணையாகக் கேளா ஒலிப் படத்தையும் ஏற்றபோது 42 பேர் பொருந்தினர். அவருட் பாதிப்பேர் இறந்தனர். 2023இல் வெளிவந்த உலகளாவிய புதிய வரையறை கிகாலியின் இம்மாற்றங்களைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. வளங்குறைந்த நாடொன்றின் அனுபவம் உலக வரையறையைத் திருத்தியமை மருத்துவ வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று. கேகாலைக்கும் இரத்தினபுரிக்கும் உரிய பாடம் மிலானிலும் பொஸ்ரனிலும் இருப்பதைவிடக் கிகாலியிலேயே மிகுதியாக உள்ளது.

கேளா ஒலிப் படம் நுரையீரலுக்கு உதவாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. காற்று ஒலியைச் சிதறடிக்கும் என்பது காரணம். பிரெஞ்சு மருத்துவர் லிக்டென்ஸ்ரைன் அச்சிதறலையே அடையாளமாக்கினார். சிற்றறைகளின் சுவர் நனைந்து தடிக்கும்போது திரையில் மேலிருந்து கீழாக வால்வெள்ளி போன்ற கோடுகள் தோன்றுகின்றன. கோடுகள் பெருகினால் ஈரம் பெருகுகின்றது. இடர் நோய்த்தொகுதியுடையோரிடம் அவர் 2004இல் நடத்திய ஒப்பீட்டில், திண்மமான நுரையீரற் பகுதியைச் சரியாகக் கண்டறிவதிற் செவிக்குழாய் நூற்றுக்கு 36, படுக்கையருகே எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் 75, கேளா ஒலி 97 என அமைந்தன. கர்ப்பிணித் தாய்மாரைப் பார்ப்பதற்காக வாங்கிய பொறியாலேயே இதனையும் பார்க்கலாம். நோயாளியை அசைக்கவேண்டியதில்லை; ஆறு மணிக்கொருமுறை மீண்டும் பார்க்கலாம். பயிற்சி பெற்ற கை மட்டுமே வேண்டுவது. பெரும் பொறிகள் திறந்துவைக்கப்படும் விழாக்களுக்குக் குறைவில்லாத நாட்டில் இத்தகைய பயிற்சிகளுக்கு நாடா வெட்டும் வழக்கம் இல்லாமை ஒரு குறையே.

இதனால் சீ.ரி. படத்தின் பயனை மறுத்ததாகாது. 1980களில் இத்தாலியின் கற்றினோனி அதனைக் கொண்டே, வெளிப்பார்வைக்கு முழுதும் வெளுத்த நுரையீரலினுள் ஒரு குழந்தையின் நுரையீரலளவு பகுதி மட்டும் நலமாக எஞ்சியிருப்பதைக் காட்டினார். வளர்ந்த மனிதனுக்குரிய காற்றளவை அச்சிறு பகுதியினுட் செலுத்தினால், வைத்தியமே காயமாகிவிடும். 2000ஆம் ஆண்டில் 861 நோயாளரிடம் நடத்திய அமெரிக்க ஆய்வு, உரிய உடல்நிறையின் கிலோவுக்கு 12 மில்லிலீற்றருக்குப் பதிலாக 6 மில்லிலீற்றர் காற்றைச் செலுத்தியபோது, இறப்பு நூற்றுக்கு 39.8இலிருந்து 31.0ஆகக் குறைந்ததைக் காட்டியது. கருவி பொருத்தப்பட்ட பின்னரும் படத்தின் பணி முடிவதில்லை. கிழிந்த நுரையீரலிலிருந்து காற்று வெளியேறி நெஞ்சறையில் தேங்குவதை அதுவே காட்டவேண்டும். மல்லாந்து கிடப்பவரிடம் அக்காற்று முன்புறமாக எழுந்து, படத்தின் உச்சியிற் காணப்படாது, விலாவின் அடிமூலை அளவுக்குமீறி ஆழ்ந்து கறுத்திருப்பதாக மட்டும் தோன்றும். அறியாதார் அதனை நல்ல நுரையீரல் என்றே எண்ணுவர்.

கணினியே படத்தை வாசிக்கும் காலமும் வந்துவிட்டது. காசநோயைக் கண்டறிவதில் அத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2021இற் பரிந்துரைத்தது. எனினும் பிறநாட்டுக் காசநோயிலும் கொவிட்டிலும் பழக்கப்பட்ட பொறி, சப்பிரகமுவவின் எலிக்காய்ச்சற் புள்ளியை எதுவெனச் சொல்லும் என்பது, அதனை இங்குள்ள படங்களிற் சோதித்த பின்னரே கூறத்தக்கது. அச்சோதனைக்கு வேண்டிய படங்கள் சேர்த்துவைக்கப்பட வேண்டும். எடுத்த நேரமும், அவ்வேளை நோயாளி பெற்றுக்கொண்டிருந்த ஒட்சிசன் அளவும் அவற்றிற் குறிக்கப்பட வேண்டும்.

அவ்விரு குறிப்புகளும் ஆய்வாளருக்கு மாத்திரம் உரியனவல்ல. அம்புலன்ஸ் வண்டி மேலிடத்தை அடையும்போது, ஏற்றுக்கொள்ளும் மருத்துவர் புதிய படமொன்றை எடுப்பார். புறப்பட்ட இடத்திற் காலையில் எடுத்த படமும் அதன் நேரமும் நோயாளியின் தலைமாட்டில், மனைவியின் கையிலுள்ள பையிலேனும் இருக்குமாயின், இரண்டையும் ஒன்றனருகொன்றாக வைத்து வெண்மை எத்தனை மணிநேரத்தில் எவ்வளவு படர்ந்தது என்பதை அவர் ஒரு நிமிடத்திற் காண்பார். கைத்தொலைபேசியிற் பிடித்தனுப்பிய மங்கலான நகல் மட்டும் வந்தால், அச்சிறு புள்ளிகள் அதில் தெரியமாட்டா. அப்போது அவர் மீண்டும் அம்மனைவியிடமே கேட்கவேண்டியிருக்கும்: எப்போதிலிருந்து இளைக்கின்றது என்று.